பதினாலாம் எலியின் நடைத்தாள்

வந்தாறுமூலையில் மழை பிடித்து நாலாம் நாள்.
விலங்குக்கூடத்தின் பின்சுவர் வேர்க்கிறது.
நான் மை கரைக்கிறேன்,
செங்கலடியில் வாங்கிய முத்திரை மை, நீலம்.
பின்கால் இரண்டையும் தோய்த்து
ஒடுங்கிய தகர ஓடையில் விட்டால்
அந்தத் தலைப்பில் உள்ள இருட்டுப் பெட்டிக்கு ஆசைப்பட்டு
எலி ஓடும்.
கீழே விரித்திருப்பது
கடையில் பில் அடிக்கிற தாள்.

நல்ல கால் விசிறியாக விழும்.
நரம்பு அறுத்த கால்
விரல் ஒட்டி,
இழுபட்ட ஒரு கீறு.

"விரல் எவ்வளவு விரியுது எண்டதுதான் கணக்கு, கிருபா."
ஏறாவூர் றிஸ்மியா மிஸ் அடிமட்டத்தோடு குனிவா.
மில்லிமீற்றர்.
புள்ளிக்குப் பிறகும் ஓர் எண்.

அவதான் தொடைகளைத் திறந்தா.
நரம்பில் ஒரு நெல்லின் நீளம் வெட்டி எடுத்து
அந்த வெளியில் ஒரு சின்னக் குழாய் தைத்து
குழாய்க்குள்
வேறோர் எலியின் எலும்பு மச்சையில் எடுத்துப்
பெட்டிச் சூட்டில் வளர்த்த குருத்துக்கலம்.
ஏழு எலிக்கு அது.
ஏழு எலிக்கு வெறும் உப்புத்தண்ணி.
எதுக்கு எது என்று எனக்குச் சொல்லவில்லை.
சொன்னால் என் கை ஒரு பக்கம் சாய்ந்து அளக்குமாம்.

என் கை.
வைகாசியில் யன்னல் கண்ணாடி அறுத்த இடக்கை.
மணிக்கட்டில் பதினொரு தையல்.
சுண்டுவிரலும் பக்கத்து விரலும் அன்றிலிருந்து
ஆரோ மறந்து விட்டுப்போன சாமானைப் போல
மடிந்து கிடக்கின்றன.
மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் டொக்டர்
பஞ்சால் தடவி, தெரியுதா என்றார்.
இல்லை.
ஊசியால் குத்தி, தெரியுதா.
நீங்கள் குத்துறது தெரியுது என்றேன்.
சிரித்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.
தைத்த நரம்பு வளர்ந்தால்
நாளுக்கு ஒரு மில்லிமீற்றராம்.
எறும்பு ஊருற மாதிரி இருந்தால் வந்து சொல்லுங்கோ.

ஒரு பின்னேரம் கூடு கழுவிக்கொண்டே கேட்டுவிட்டேன்:
"மிஸ், குழாயில மிச்சம் இருந்தா
எனக்கு ஒரு சொட்டு?"
அவ சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றினா.
"எலிக்குச் சரிவந்ததெல்லாம் மனிசருக்குச் சரிவராது.
இன்னும் எத்தினை வருசமோ. பொய் சொல்ல மாட்டன், கிருபா."
பிறகு என் இரண்டு விரலையும் பிடித்து
மெல்ல நிமிர்த்திப் பார்த்தா,
அளக்கிற ஆளுக்கே உரிய கவனத்தோடு.
விட்டதும் அவை மடிந்துகொண்டன.

ஒன்பதாம் கிழமை
பதினாலாம் எலி தாளில் ஐந்து விரலையும் விரித்தது.
மிஸ் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினா.
கரண்ட் போயிருந்தது. போன் வெளிச்சத்தில்
ஈர நீலத்தை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கடைசியில் உறை பிரித்தார்கள்.
பதினாலுக்குக் குருத்துக்கலம்தான்.
மூன்றாம் எலியும் கொஞ்சம் விரித்திருந்தது.
அதுக்கு உப்புத்தண்ணி.
மூன்றை நினைத்து எனக்கு ஏனோ சந்தோசம்.

அளந்தது போதாது.
நரம்பை எடுத்து மெழுகில் பதித்துச் சீவி
நுணுக்குக்காட்டியில் எண்ண வேணும்.
உயிரோடு வைத்து அதைச் செய்ய முடியாது.
பதினாலை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.
வழியில், சுகமான அந்தக் காலால்
என் மடிந்த விரலை உதைத்தது.
நல்ல உதை.
கண்ணால் கண்டேன்.

தாளை எறியச் சொன்னார்கள், படம் எடுத்தாயிற்று என்று.
ஒரு முழம் கிழித்துச்
சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு. மழை விட்டிருந்தது.
தேத்தண்ணிக்குச் சீனிப்போத்தலை எடுத்தபோது
சுண்டுவிரலில் ஓர் எறும்பு.
கண்டதால் தெரிந்ததா
தெரிந்துதான் திரும்பிப் பார்த்தேனா.
தட்டவில்லை.
கண்ணை மூடிக்கொண்டு
அது எந்தப் பக்கம் போகுது என்று
அடுப்பில் கேத்தில் கொதிக்கக் கொதிக்க
நின்றேன்.